வாசம் தெரியாதவன் பிடித்த துணி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எங்கள் வீட்டு சம்ப் மோட்டார் எரிந்து போனதால். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. வடவள்ளியிலிருந்து அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கணபதியில் ஒரு ரீவைண்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரன் பெயர் சபரீஷ். முப்பத்தைந்து வயது இருக்கலாம். மோட்டாரைப் பிரித்துக் கறுத்த காயிலை வெளியே எடுத்தவன், அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், சட்டென்று நிறுத்தி, தனக்குள் சிரித்துக்கொண்டு கீழே வைத்தான்.

"பழக்கம் இன்னும் போகலைங்க அக்கா. மூக்குத்தான் போயிருச்சு."

கொரோனாவில் போனது, திரும்பவே இல்லை என்றான். நான் உச்சுக் கொட்டினேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை போல. "அட, அதுக்கு வருத்தப்படாதீங்க. இந்த மூக்க வெச்சுக்கிட்டு நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவன் சொல்லி முடிக்கும்வரை எனக்குப் பின்னால் மோட்டாரோடு வந்த இரண்டு பேரும் தங்கள் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை.

"இதை எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"என்னையக் கேக்காதீங்க. பெத்தது அவ."

அவள், அதாவது அவன் மனைவி மோகனப்பிரியா, போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "எழுதுங்க அக்கா. ஆனா என்னைய அழுமூஞ்சியா எழுதிப் போடாதீங்க. நான் நல்லாப் பெத்தேன்."

நல்லாப் பெத்தேன். இந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கெட்டது நடந்தால் எழுதத் தெரியும், இத்தனை வருடமாக அதைத்தான் எழுதியிருக்கிறேன். நல்லபடியாக நடந்த ஒரு பிரசவத்தை எங்கே தொடங்குவது?

2

கைவிட்ட தொடக்கங்கள்:

*மருதமலைக்கு மேலே இடி இறங்கிய அந்த இரவில், மின்சாரமும் போய்விட்ட நேரத்தில்,*

இதைப் படித்துக் காட்டினேன். "கரண்டு போகலைங்களே அக்கா. போனாலும் அங்க யுபிஎஸ் இருந்துச்சு" என்றாள் மோகனப்பிரியா. இரவும் இல்லையாம். நல்ல வெயில். மத்தியானச் சோற்று நேரம்.

*ஒரு பெண்ணின் வலியைச் சொல்ல எந்த மொழியாலும்*

இதை நானே அடித்துவிட்டேன். நீங்கள் இதை நூறு இடத்தில் படித்திருப்பீர்கள்.

*ஆரஞ்சுத் தோலைக் கிள்ளும்போது தெறிக்கிற வாசம் எப்படி இருக்கும் என்றால், அது*

இங்கே சில நாட்கள் நின்றேன். எப்படி இருக்கும் என்றால் ஆரஞ்சு மாதிரி இருக்கும். வாசங்களுக்கு நம்மிடம் சொந்தப் பெயர் கிடையாது. மல்லிகை வாசம், மண் வாசம், புதுத் துணி வாசம் என்று அதன் உரிமையாளர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். நான் எவ்வளவு எழுதினாலும் இந்தத் தாளில் உங்களுக்குத் தாள் வாசம்தான் வரும். (போனில் படிப்பவர்களுக்கு அதுவும் இல்லை.)

அப்போதுதான் தோன்றியது, இந்த விஷயத்தில் நீங்களும் சபரீஷும் ஒரே நிலையில்தான் இருக்கிறீர்கள். ஆகவே கதையை அவன் பக்கத்தில் நின்று சொல்கிறேன்.

3

மூக்கு இருந்த காலத்தில் சபரீஷ் அதில் கொஞ்சம் கர்வம் உள்ளவன். எரிந்த காயிலை மோந்து பார்த்து, லோடு தாங்காமல் எரிந்ததா, தண்ணீர் இறங்கி எரிந்ததா என்று சொல்வான். மூக்கு போன பிறகும் அவன் மோந்து பார்ப்பதை விடவில்லை. ஆட்கள் எதிரில் மோந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு, அவர்கள் டீக்கடைக்குப் போனதும் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வான். வீட்டில் மட்டும் அந்த நடிப்பு செல்லவில்லை. ஊசிப்போன ரசத்தை இரண்டாம் முறை ஊற்றச் சொல்லி வாங்கிச் சாப்பிட்ட அன்றைக்கே மோகனப்பிரியா கண்டுபிடித்துவிட்டாள்.

அவளுக்கு நேர்மாறான தொல்லை. அவள் மூக்கு ஒரு வாசத்தை விடமாட்டேன் என்று பிடித்து வைத்திருந்தது.

மூத்தவள் கனிஷ்கா பிறந்தது கொரோனாவுக்கு முன்பு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். சபரீஷைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே அவளைத் தனியாகப் படுக்க வைத்து, அசையாதே, கத்தாதே என்றார்கள். புருசன்கூடப் படுக்கும்போது மட்டும் இப்படிக் கத்தினாயா என்று ஒருத்தி கேட்டாள்*. அந்த அறையைப் பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார்களாம். குழந்தைக்கும் தாய்க்கும் ஒரு குறையும் இல்லை, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு பினாயில் வாசம் எங்கே வந்தாலும் மோகனப்பிரியாவுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைப் பக்கம் நடக்க மாட்டாள். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்திருக்கிறாள்.

"ஒரு வாசத்துக்குப் போயி இப்பிடியா?" என்று சபரீஷ் ஒருமுறை கேட்டான்.

* இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று மோகனப்பிரியாவிடம் கேட்டேன். "இருக்கட்டுங்க அக்கா. சொன்னவிகளுக்கே இல்லாத வெக்கம் நமக்கெதுக்கு?"

4

இரண்டாவது உண்டானபோது அவள் தெளிவாக இருந்தாள். நகரத்துக்கு வெளியே ஒரு சிறிய பிரசவ மையத்தை அவளே தேடிப் பிடித்தாள். பயிற்சி பெற்ற தாதிகள் பார்த்துக்கொள்ளும் இடம். டாக்டரும் உண்டு. அவசரமென்றால் கொண்டுபோகப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. மெஹராஜ் என்ற தலைமைத் தாதி, ஐம்பதை நெருங்கும் பெண், வாரம் ஒரு நாள் வயிற்றுப் பிள்ளைக்காரிகளையும் கணவர்களையும் பாயில் உட்கார வைத்து வகுப்பெடுப்பாள். மூச்சு விடுவது, குந்தி உட்காருவது, இடுப்பைப் பிடித்துவிடுவது. ஒரு நாள் வாசனை எண்ணெய்கள்.

"முதல்லயே சொல்லிப் போடறேன்" என்றாள் மெஹராஜ். "இது வலியைப் போக்காதுங்க. வலிக்கு மருந்து வேணும்னா மருந்து இருக்குது, கேட்டா குடுப்போம். அது ஒண்ணும் தோல்வியில்ல. இது, வலி வர்றப்பப் பக்கத்துல தெரிஞ்ச ஆள் ஒருத்தர் உக்காந்திருக்கற மாதிரி. குடிக்கப்படாது, மேல அப்படியே பூசப்படாது. துணியில ஒண்ணு ரெண்டு சொட்டு. அவிக வேண்டாம்னா அந்த நிமிசமே எடுத்துறோணும்."

துணிகள் கைமாறின. லாவண்டர், புதினா, வெட்டிவேர், ஆரஞ்சு. மற்ற கணவர்கள் ஆகா என்றார்கள். சபரீஷும் ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்து இழுத்து, "நல்லா இருக்குதுங்க", "இது அதைவிட நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியாக வந்த துணிக்கு "அருமைங்க! இதையே வெச்சுக்கலாம்" என்றான்.

"அதுல எதுவும் போடலைங்களே" என்றாள் மெஹராஜ். "கை துடைக்க வெச்சிருந்தது."

பாயில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சபரீஷும் சிரித்தான், காது மடல் சிவக்க. மோகனப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை.

"அவருக்கு வாசம் தெரியாதுங்க சிஸ்டர். கொரோனாவுல போயிருச்சு."

மெஹராஜ் கிட்டே வந்து உட்கார்ந்தாள். "சொல்லியிருக்கலாமல்லங்க தம்பி. பரவால்ல." என்றவள் மோகனப்பிரியா பக்கம் திரும்பினாள். "பிரசவத்தன்னிக்கு இந்த வேலைய உங்க அம்மா பாக்கட்டும் கண்ணு. எவ்வளவு போடறோம்னு போடறவிகளுக்குத் தெரியோணுமல்ல?"

"துணிய அவருதான் புடிப்பாரு" என்றாள் மோகனப்பிரியா.

வீட்டுக்குப் போகும் வழியில் சபரீஷ் வண்டியை ஓரம் கட்டினான். "ஏன் அம்மணி இந்த வம்பு? கண்ணு தெரியாதவன்கிட்ட வண்டியக் குடுக்கற கணக்கா."

"போன தடவை கதவுக்கு அந்தப் பக்கம் நின்னீங்க. நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கல. இந்தத் தடவை உள்ள நிக்கோணும். சும்மா நின்னா பயந்துக்குவீங்க. கையில ஒரு வேலை இருக்கோணும்."

அவன் வண்டியை எடுத்தான்.

[இந்த இடத்தில் அவன் என்ன நினைத்தான் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். குற்ற உணர்ச்சி, ஆண்மை என்றெல்லாம் வந்தது. "என்ன நினைச்சே தம்பி?" என்று அவனையே கேட்டபோது, "அவ கூப்புட்டிருக்கறான்னு அன்னிக்குத்தாங்க அக்கா தெரியும்" என்றான். என் பத்தி போய்விட்டது.]

5

அவள் தேர்ந்தெடுத்தது ஆரஞ்சு. லாவண்டர் அவளுக்கு ஜவுளிக்கடை கழிப்பறையை ஞாபகப்படுத்தியது. ஆரஞ்சுக்குக் காரணம் வால்பாறை பஸ். கல்யாணமான புதிதில் பொள்ளாச்சியிலிருந்து மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவளுக்குக் குமட்டியது. சபரீஷ் ஓர் ஆரஞ்சை உரித்து, தோலை அவள் மூக்கருகே பிடித்துக்கொண்டே மேலே வரை வந்தான். பழத்தை அவனே தின்றுவிட்டான் என்பதையும் அவள் மறக்கவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடையில் எண்ணெய் வாங்கினார்கள். முதல் நாள் ஒத்திகையிலேயே சபரீஷ் ஏதோ மண்ணெண்ணெய் விளக்குக்கு ஊற்றுவதுபோல ஊற்றிவிட்டான். கண்ணில் நீர் வழிய மோகனப்பிரியாவும் கனிஷ்காவும் வாசலுக்கு ஓடினார்கள். அவன் மட்டும் அறை நடுவே நின்று, "இப்பத் தெரியுதா? இன்னுங் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இந்தக் கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமென்று மோகனப்பிரியாவின் அம்மா பழனாத்தாளை நான் பிடித்தேன். "எங்க காலத்துல எண்ணெயா மோந்தோம்" என்று ஒரு வசனம்கூட எழுதினேன். உண்மையில் வெள்ளகோவிலிலிருந்து பிரசவத்துக்காக வந்திருந்த பழனாத்தாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதக் குடிக்கோணுமா, மோந்தாப் போதுமா?" மோந்தால் போதும் என்றதும், "அப்ப நல்லதுதான், எனக்கும் ஒரு சொட்டு குடுங்க மாப்ளெ, தலை வலிக்குது" என்று கைக்குட்டையை நீட்டியிருக்கிறார். என் வசனத்தை நான் என்ன செய்வது?

தினமும் சாயங்காலம் பட்டறையை மூடிவிட்டு வந்து சபரீஷ் பழகினான். மூக்குக்குத் தெரியாததை அவள் முகத்தில் பார்க்கக் கற்றுக்கொண்டான். உதடு லேசாகத் திறந்தால் சரியாக இருக்கிறது. இடது புருவத்துக்கு மேல் ஒரு கோடு விழுந்தால் அதிகம். தலை கொஞ்சம் திரும்பினால் எடுத்துவிட வேண்டும். ஏழு வருடம் குடும்பம் நடத்தியும் அந்தக் கோட்டைத் தான் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னான்.

6

கனிஷ்காவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பிய காலையில் வலி கண்டது. மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, "நல்லா வந்திருக்கறே கண்ணு, பாதிக் கிணறு தாண்டிட்டே" என்றாள் மெஹராஜ்.

அறையில் கட்டில் ஓரமாகத்தான் கிடந்தது. மோகனப்பிரியா நடந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டினாள். வலி அலை ஏறும்போது சபரீஷ் துணியைக் கிட்டே கொண்டுபோவான், இறங்கியதும் விலக்குவான். உதடு திறந்தது. கோடு விழவில்லை. நடுவில் அவள் கண்ணை மூடியபடியே, "வளைவு வந்துருச்சு" என்றாள். அடுத்த அலை வருகிறது என்று அர்த்தம். வால்பாறைக் கணக்கு.

உச்சி வெயில் நேரத்தில் திடீரென்று அவள் முகம் மாறியது. மூச்சை உள்ளேயே பிடித்துக்கொண்டாள். கை தொண்டைக்குப் போனது. அலை வந்தபோது அதோடு போகாமல் உடம்பை விறைத்து அதை எதிர்த்தாள். சபரீஷ் துணியை நீட்டினான், அவள் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. மெஹராஜ் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாப்பாவுக்கு நல்லா இருக்குது கண்ணு. ஏன் மூச்சப் புடிக்கறே? விடு. விடுடா தங்கம்." அவளால் விட முடியவில்லை. பேசவும் முடியவில்லை. "டாக்டரை வரச் சொல்லு" என்று மெஹராஜ் உதவிக்கு நின்றவளிடம் மெல்லச் சொன்னது சபரீஷின் காதில் விழுந்தது.

துணியைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியதை அவன் மறைக்கவில்லை. போகாமல் நின்று மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தான். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு.

"சிஸ்டர், வெளிய பினாயில் போடறாங்களா?"

மெஹராஜ் தலையைத் தூக்கி மூக்கை இழுத்தாள். "அட, ஆமா." வருடக்கணக்காக அந்த வாசத்துக்குள்ளேயே வேலை பார்த்தவளுக்கு அது காற்று மாதிரி ஆகியிருந்தது. அந்த அறையில் அதை மோந்து அறிய வழியே இல்லாத ஒரே ஆள் சபரீஷ்.

கதவைத் திறந்து ஓடினான். வராந்தாவின் கோடியில் ஒரு பெண் வாளியோடு தரை துடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, சித்த நிறுத்துங்க. எங்கூட்டுக்காரிக்கு அந்த வாசம் ஆகாதுங்க." அந்தப் பெண் பதறி நிமிர்வதற்குள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பழனாத்தாள் எழுந்து வந்து வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தார். "நீங்க உள்ள போங்க மாப்ளெ. இத நான் பாத்துக்கறேன்."

உள்ளே வந்து கதவைச் சாத்தினான். தோட்டத்துப் பக்க ஜன்னலைத் திறந்தான். புதுத் துணி எடுத்து எண்ணெய் விட்டு அவள் முகத்தருகே பிடித்துக்கொண்டு, தானே ஊரைக் கூட்டுவதுபோல மூச்சை இழுத்தான். அவன் மூக்குக்குள் வெறும் காற்றுதான் போனது.

"அம்மணி, இங்க பாரு. வாளிய உங்கம்மா தூக்கிட்டுப் போயிட்டாங்க. இனி வராது. வால்பாறை பஸ்ஸு இது. நான் இழுக்கறேன் பாரு, நீயும் இழு. அப்பிடித்தான். வளைவு வருது. திரும்பிருச்சு. இன்னொண்ணு."

(மோகனப்பிரியா: "கண்டக்டர் கணக்கா கத்துனாருங்க அக்கா. அந்த வலியிலயும் சிரிப்பு வந்துருச்சு.")

சிரிப்பு வந்த இடத்தில் மூச்சும் வெளியே வந்தது. தோள் இறங்கியது. உதடு லேசாகத் திறந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று சொல்லி ஓரமாக நின்றுகொண்டார்.

7

கடைசியில் அவளுக்கு ஆரஞ்சும் வேண்டியிருக்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளி, "போதும். எடுங்க அத" என்றாள். அவன் அந்த நிமிடமே எடுத்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நின்று கைகளுக்கடியில் தாங்கினான். அவள் குந்தினாள். அவள் போட்ட சத்தம் வராந்தா தாண்டிக் கேட்டதாம். யாரும் கத்தாதே என்று சொல்லவில்லை. "சத்தம் போடு கண்ணு, உன்ற எடம் இது" என்றாள் மெஹராஜ்.

பெண் குழந்தை. நேராக அவள் நெஞ்சின் மேல் வந்து படுத்தது.

இங்கே அவள் அழ வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அவளோ ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். "பாத்தீங்களா? பாத்தீங்களா?" சபரீஷிடம் கேட்டாள், மெஹராஜிடம் கேட்டாள், உள்ளே ஓடி வந்த அம்மாவிடம் கேட்டாள். ஓரமாக நின்ற டாக்டரையும் விடவில்லை. பார்த்தேன் என்று எல்லோரும் சொல்லும்வரை கேட்டாள். கண்ணீர் வேண்டுமென்றால் அது சபரீஷிடம் நிறைய இருந்தது. ஈரமான சட்டையோடு பட்டறைக்குப் போய் ஸ்வீட் கொடுத்ததாகச் சொன்னான். பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள், என்னப்பா சட்டையெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் வாசம் என்று கேட்டார்களாம். "துணிய நான்தாங்க புடிச்சேன்" என்றானாம், கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல்.

8

முடிவு.

நான் எழுதிய முடிவு இது: *சபரீஷ் குனிந்து குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தான். எங்கோ தொலைவில் ஒரு கதவு திறப்பதுபோல, மெல்ல, மிக மெல்ல, ஒரு வாசம்*

பெருமையோடு பட்டறைக்குக் கொண்டுபோய் இருவருக்கும் படித்துக் காட்டினேன். "நெம்ப நல்லா இருக்குதுங்க அக்கா" என்றான் சபரீஷ். " எனக்கே ஆசையா இருக்குது. ஆனா வரலைங்களே."

கதைதானே, வந்ததாக வைத்துக்கொள்வோமே என்றேன்.

மோகனப்பிரியா மடியில் இருந்த குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள். "வந்துச்சுன்னு எழுதுனா இவரு செஞ்சது சின்னதாப் போயிரும் அக்கா. ஒண்ணுமே தெரியாமத்தான் அவ்வளவு நேரமும் புடிச்சுக்கிட்டு நின்னாரு."

முடிவை அங்கேயே கிழித்தேன். ஆகவே என்னிடம் முடிவு இல்லை, நடந்துகொண்டிருப்பதுதான் இருக்கிறது. குழந்தையை யார் தூக்கினாலும் சபரீஷ் கேட்கிறான், பாப்பா என்ன வாசம் என்று. பழனாத்தாள், "பச்சப்புள்ள வாசந்தான், வேறென்ன" என்றார். சப்பாத்தி மாவு என்றாள் கனிஷ்கா. மெஹராஜ் வீட்டுக்கு வந்தபோது கண்ணை மூடி மோந்துவிட்டு, தினமும் மோந்தாலும் இதுக்கு மட்டும் பேர் தெரியலைங்க தம்பி என்றாளாம். மோகனப்பிரியா ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்கிறாள். அவன் எல்லாவற்றையும் நம்பிச் சேர்த்து வைத்துக்கொள்கிறான்.

அன்றைக்கு என் கையிலும் குழந்தையைக் கொடுத்தார்கள். உச்சந்தலையில் மூக்கை வைத்தேன். அவன் கேட்டான். எழுதிப் பிழைக்கிறவள் நான். வாயைத் திறந்தேன், "இது வந்து தம்பி, இது" என்பதோடு நின்றுவிட்டது.

எனவே உங்களிடம் தருகிறேன். கழுத்தை நன்றாகத் தாங்கிப் பிடியுங்கள், இன்னும் தலை நிற்கவில்லை. பால் குடித்துவிட்டு இப்போதுதான் கண் அயர்ந்தது. குனியுங்கள். மெல்ல இழுங்கள்.

அவன் கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இது என் பிள்ளை என்கிற நிமிர்வோடு உங்கள் முன்னால் வந்து நிற்கிறான்.

"ஏனுங்க, என்ற புள்ள என்ன வாசமுங்க?"

[                    ]